ஒரே பாறையை 14 தடவை படம் எடுத்தது ஏன்?

கேள்வி: சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். வயது 36. மஸ்கட்டில் கணக்காளராக இருக்கிறேன். லீவு நாளில் தனியாக ஹஜர் மலையில் ஏறுவது பழக்கம். செப்டம்பரில் ஒரு நாள் காலை 8 மணிக்கு ஏறினேன். மதியம் தலைவலி, ஒரு வாந்தி. வழி தவறிச் சுற்றி, சாயங்காலம் 5 மணிக்குக் கார் நிறுத்திய இடத்துக்கு வந்துவிட்டேன். 5 லிட்டர் தண்ணீர் குடித்தேன், நன்றாக வியர்த்தது. வயலில் வளர்ந்தவன், வெயில் எனக்குப் புதிதில்லை. முழங்கால் வலிக்கும் என்று முன்கூட்டியே வலி மாத்திரை இரண்டும், ஜலதோஷத்துக்கு ஒரு மாத்திரையும் போட்டிருந்தேன். பாம்பு, தேள், மலை உயரத்தால் வரும் நோய், மாரடைப்பு, இவற்றில் எதற்கு நான் பயப்பட வேண்டும்? பின்குறிப்பு: அன்று போனில் ஒரே பாறையை 14 படம் எடுத்திருக்கிறேன். எடுத்த நினைவே இல்லை. இணையத்தில் தேடினால் மூளைக் கட்டி என்கிறது. இப்போது ஒரு மாத லீவில் ஊரில் இருக்கிறேன்.

பதில்: பின்குறிப்புதான் உங்கள் கடிதம், தம்பி. மேலே உள்ளதெல்லாம் அதைக் கேட்கத் தைரியம் வரும்வரை எழுதிக்கொண்டு போனது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மூளைக் கட்டி என்று நான் நினைக்கவில்லை. அன்று ஒரு நாள், அதுவும் வெயிலில் மலையேறிய நாளில் மட்டும் வந்து, நிழலுக்கு வந்ததும் போய்விடுகிற கட்டியை நான் பார்த்ததில்லை. ஆனால் இதைக் கேட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள். உங்களுக்கு வந்தது அநேகமாக ஹீட் ஸ்ட்ரோக், அல்லது அதன் வாசற்படி. கட்டி என்றால் ஸ்கேன் எடுத்து, நாள் குறித்து, யோசித்து வைத்தியம் பார்க்க நேரம் இருக்கும். ஹீட் ஸ்ட்ரோக்கில் அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர வைத்தாக வேண்டும்.

‘நன்றாக வியர்த்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வியர்வை நின்று தோல் காய்ந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று படித்திருப்பீர்கள். ஓட்டு வீட்டுக்குள் படுத்துக் கிடக்கும் முதியவர்களுக்கு அப்படி வரும். உடல் உழைப்பில் வருகிறவருக்குச் சட்டை நனைந்திருக்கும்போதே வரும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியை, அதாவது நம் தெர்மாமீட்டர் கணக்கில் 104-ஐ, தாண்டும்போது மூளை தடுமாறத் தொடங்குகிறது. மலையில் யாரும் தெர்மாமீட்டர் வைத்திருப்பதில்லை. வைத்திருந்தாலும் அக்குளில் வைத்துப் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். ஆகவே புத்தி தடுமாறுகிறதா என்பது ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். தலைவலி, வாந்தி, தசைப்பிடிப்பு எல்லாம் ‘நிழலுக்குப் போ’ என்கிற எச்சரிக்கை. கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, ஷூ நாடாவைக் கட்டத் தெரியாமல் பார்த்துக்கொண்டே நிற்பது, தண்ணீர் இருக்கும் பையைக் கழற்றி வைத்துவிட்டு நடப்பது, குடித்தவன் போலத் தள்ளாடுவது, இதெல்லாம் வந்துவிட்டால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஒரே பாறையை 14 தடவை படம் எடுப்பதும் இந்த வரிசையில்தான் வருகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், தடுமாறுகிறவருக்குத் தான் தடுமாறுவது தெரியாது. கேட்டால் “எனக்கு ஒன்னுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்பார். பல வருடத்துக்கு முன் ஒரு மே மாதம், நான் பணியில் இருந்த மருத்துவமனைக்கு ஓர் ஆளைக் கொண்டுவந்தார்கள். செங்கல் சூளையில் வேலை. வழியெல்லாம் தம்பியை அடித்து, அண்ணியைத் திட்டிக்கொண்டு வந்திருக்கிறார். உடம்பெல்லாம் வியர்வை. குடித்திருக்கிறார் என்று ஓரத்தில் படுக்க வைத்துவிட்டார்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க எங்களுக்கு 40 நிமிடம் ஆனது. 107. பிழைத்தார். ஆனால் நேராக நடக்க அவருக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. நடையைச் சமன்படுத்துவது சிறுமூளை, அது சூட்டைத் தாங்காது.

நடவு வயலை நினைத்துப் பாருங்கள். வரிசையாகக் குனிந்து நடுகிற பெண்களில் ஒருத்தியின் பேச்சு நின்றாலோ, வரிசை கோணலானாலோ பக்கத்தில் நிற்பவள் நிமிர்ந்து பார்த்துவிடுவாள். “ஏன்டி, என்னாச்சு?” என்று கேட்டு, கையைப் பிடித்து வரப்பு மரத்தடிக்குக் கூட்டிப் போய்விடுவாள். அவளுக்கு மருத்துவம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. உங்கள் மலையில் அந்தப் பக்கத்து ஆள் இல்லை. தனியாகப் போவதில் நான் ஆபத்து என்று சொல்வது இதைத்தான். கால் பிசகினால் போனில் கூப்பிடலாம், சிக்னல் கிடைத்தால். புத்தி பிசகினால் கூப்பிட வேண்டும் என்றே தோன்றாது. நீங்கள் கார் வரைக்கும் வந்து சேர்ந்தது அதிர்ஷ்டம். அதை அனுபவம் என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் அந்த ‘வயலில் வளர்ந்தவன்’ கதை. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு ஏசி அறையில் சில வாரம் உட்கார்ந்தால் அந்தப் பழக்கத்தை மறந்துவிடும். நீங்கள் கணக்காளர். உங்கள் உடம்புக்கு இப்போது தெரிந்தது 24 டிகிரிதான். அதோடு, நம் ஊர் வெயிலும் அந்த வெயிலும் வேறு. இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாமல் சொட்டுகிறது, பனியனைப் பிழிகிறோம், பயந்து நிழலுக்குப் போகிறோம். அங்கே சுரக்கச் சுரக்கக் காய்ந்துவிடும். எவ்வளவு போனது என்பது தெரியாது. சாயங்காலம் பையின் தோள்பட்டைக்கு அடியில் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்குமே, பார்த்திருப்பீர்கள். கடும் வெயிலில் ஏறும்போது மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் போகும். இறங்கும்போது சுலபம் என்று நினைப்பதும் தப்பு. உயரத்தில் இருந்த குளுமையை விட்டு, களைத்த உடம்போடு, மதியச் சூட்டில் காய்ந்த பாறைகளுக்கு நடுவே இறங்குகிறீர்கள்.

ஓமானில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மதியம் 12.30-லிருந்து 3.30 வரை வெட்டவெளியில் தொழிலாளியை வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. செப்டம்பர் பிறந்ததும் சூரியன் மனம் மாறிவிடாது. சம்பளம் கொடுத்தும் செய்யச் சொல்லக் கூடாத வேலையை நீங்கள் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்ச் செய்திருக்கிறீர்கள்.

இனி மாத்திரைகள். இதில் எனக்குக் கோபம் வருகிறது. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை, உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைக்கும். வலி வருவதற்கு முன்பே இரண்டாகப் போடச் சொன்னது யார்? ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கும். அது மூக்கு ஒழுகலை நிறுத்துவதோடு வியர்வையையும் குறைக்கும், தூக்கமும் வரும். அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். பாராசிட்டமால் போட்டிருந்தாலும் பயன் இல்லை. அது காய்ச்சலைக் குறைக்கும், வெயில் ஏற்றிய சூட்டைக் குறைக்காது.

5 லிட்டர் தண்ணீர் குடித்ததையும் பெருமையாகச் சொல்லாதீர்கள். உப்பே இல்லாமல், சாப்பாடும் இல்லாமல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். அதுவும் தலைவலி, வாந்தி, குழப்பம் என்றுதான் வரும். அன்று எது வந்தது என்று இப்போது சொல்ல முடியாது. தாகத்துக்குக் குடியுங்கள், நடுவில் உப்பு உள்ளதைச் சாப்பிடுங்கள், ஓ.ஆர்.எஸ். கொண்டு போங்கள். ஒரு லிட்டருக்கு என்று போட்டிருக்கும் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடிக்காதீர்கள்.

மற்ற பயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான். ஓமானின் மிக உயரமான ஜபல் ஷம்ஸே சுமார் 3,000 மீட்டர், அங்கே இரவு தங்கினால் யோசிப்போம். பாம்பு, தேள்: கண்ணுக்குத் தெரியாத பாறை இடுக்கில் கை வைக்காதீர்கள், போதும். மாரடைப்பு: ஏறும்போது நெஞ்சு அழுத்தம் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. நீங்கள் எழுதாத ஒன்றைச் சேர்க்கிறேன், வெள்ளம். தொலைவில் எங்கோ மழை பெய்தாலும் ‘வாதி’ என்று அங்கே சொல்கிற காய்ந்த ஆற்றுப் பள்ளத்தில் திடீரென்று தண்ணீர் வரும். நம் ஆற்றில் மேட்டூர் திறந்தால் கல்லணைக்கு வர நாள் கணக்காகும், அங்கே அந்த அவகாசம் கிடையாது.

வேறு யாருக்காவது இப்படி ஆனால், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைக் கழற்றி, மிச்சமுள்ள தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்கள். வறண்ட காற்றில் சூடு வேகமாக இறங்கும். ஓமானில் 9999-ஐ அழையுங்கள். இங்கே நம் ஊரில் என்றால் பம்புசெட் தொட்டியைவிட நல்ல வைத்தியம் கிடையாது. தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை இறக்குங்கள், 108 வரும்வரை.

இந்த வாரம் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும்), சோடியம், கல்லீரல் பரிசோதனை மூன்றும் எடுத்துவிடுங்கள். ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் ஏசி அறையில், சும்மா இருக்கும்போது இப்படி ஒரு நினைவுத் தப்பல் வந்தாலோ, வலிப்பு, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல் இருந்தாலோ அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். திரும்பிப் போனபின் நவம்பருக்கு முன் மலைப் பக்கம் வேண்டாம். அதற்குப் பிறகும் துணைக்கு ஓர் ஆளோடு, விடியலில் ஏறி, முற்பகலுக்குள் இறங்கிவிடுங்கள்.

அந்த 14 படங்களை அழிக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று குறித்து, ரத்தப் பரிசோதனை முடிவோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.