இரண்டும் குளோரின்தானே?

கேள்வி: தஞ்சோங் பூங்காவில் எங்கள் வீட்டின் பின்புறம் சிறிய நீச்சல் குளம் உள்ளது. தொடர்மழைக்குப் பின் நீர் பச்சையாகிவிட்டதால், என் கணவர் மீதமிருந்த குளோரின் தூளையும் உடைந்த மாத்திரைகளையும் ஒரே வாளியில் கொட்டிச் சிறிது நீர் ஊற்றினார். உடனே நுரைத்துப் புகை கிளம்பியது. எங்கள் இருவருக்கும் தொண்டை எரிந்தது. இரண்டும் குளோரின்தானே? எங்கே தவறு நடந்தது?
– ஒரு வாசகி, பினாங்கு

பதில்: பெயர் ஒன்றாக இருப்பதுதான் வம்பு. கடைகளில் கிடைக்கும் தூள் பெரும்பாலும் கால்சியம் ஹைப்போகுளோரைட். மெதுவாகக் கரையும் மாத்திரையோ டிரைகுளோர் எனப்படும் வேறொரு சேர்மம். இவை இரண்டும் ஈரத்தோடு கலந்தால் சூடேறி நச்சு வாயுவைக் கக்கும். தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும். உங்கள் வாளி புகையோடு நின்றது நல்லூழ் என்றே சொல்வேன். மாத்திரை போடும் மிதவையில் தூளை இடுவதும், ஒன்றை அள்ளிய கரண்டியால் மற்றதை அள்ளுவதும் இதே ஆபத்தைத் தரும். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைக் குறைக்கப் பயன்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எந்தக் குளோரினோடு சேர்ந்தாலும் குளோரின் வாயு எழும் என்பதால், அதை ஒரே அலமாரியில்கூட வைக்க வேண்டாம்.

இனி தூளைக் கரைக்கும்போது, சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் முதலில் நீரை நிரப்பி, அதன்பின் தூளைச் சிறிது சிறிதாக இடுங்கள். தூளின் மீது நீரை ஊற்றுவது கூடவே கூடாது. அமிலத்துக்கும் இதே விதிதான். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்று முதுகுப்பக்கம் வீசும்படி நின்று, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது குளத்தின் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள்.

பச்சை நீரைக் கண்டதும் தூளை அள்ளிக் கொட்டத் தோன்றும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பிஎச். அது 7.5 ஆக இருக்கும்போது குளோரினில் ஏறத்தாழ பாதி கிருமிகொல்லும் வடிவில் இருக்கும். 8 ஆகிவிட்டால் கால் பங்குக்கும் குறைந்துவிடும். எனவே தேவையானால் காலையில் அமிலம் இட்டு பிஎச் அளவை 7.2 முதல் 7.6க்குள் கொண்டுவந்து, மாலையில் மீண்டும் சோதித்துவிட்டுக் குளோரின் இடுங்கள். வெயிலில் குளோரின் சிதைந்துவிடும் என்பதால் அந்தி வேளையே உகந்தது. 10,000 லிட்டருக்கு 65 விழுக்காடு குளோரின் கொண்ட தூள் சுமார் 15 கிராம் இட்டால் நீரில் குளோரின் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) உயரும். வழக்கமாக 1 முதல் 3 பிபிஎம் போதும். பாசியைக் கொல்ல அதற்கு மேல் தேவைப்படும், ஆனால் அளவு இறங்கியதைச் சோதித்த பின்னரே பிள்ளைகளை இறக்க வேண்டும். குளத்தில் குளோரின் வாடை தூக்கலாக அடித்தால், குளோரின் அதிகம் என்று பலர் எண்ணுவதுண்டு. பெரும்பாலும் அது வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து வலுவிழந்த குளோரினின் வாடையே.

மறுபடி புகை எழுந்தால், வாளியை அணைக்க முயலாமல் விலகிக் காற்றோட்டமான இடத்துக்குச் சென்று 999ஐ அழையுங்கள். கண்ணில் தெறித்திருந்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். இப்போதும் உங்களில் ஒருவருக்கு இருமலோ மூச்சிரைப்போ தொடர்ந்தால், இன்றே மருத்துவரைப் பாருங்கள். குளோரின் வாயுவால் ஏற்படும் நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டக்கூடும்.