ஏரிக்குள் போன வாள்

கேள்வி: பிரிட்டனின் பழங்கதை நாயகனான ஆர்தர் மன்னன் கதையை மறுபடி சொல்லும் ஒரு வரலாற்றுப் புனைவு நாவல் வாசித்தேன். ஆர்தரின் வீரன் லான்சலாட் இல்லை, வீரர்கள் கூடி அமரும் வட்ட மேசை இல்லை, பளபளக்கும் கவசம் இல்லை. மரவேலிக் கோட்டையும் சேறும்தான். ஆனால் மாய வாளை ஏரியில் எறியும் காட்சி மட்டும் இருக்கிறது. அசல் கதையைச் சிதைக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? வரலாறுதான் வேண்டுமென்றால் அந்த வாளையும் எடுத்திருக்க வேண்டாமா?
– ஒரு வாசகர்

பதில்: எந்த அசல் என்று முதலில் சொல்லுங்கள்.

ரோமானிய ஆட்சி பிரிட்டனைவிட்டு நீங்கியது 410 வாக்கில். அதன்பின் கடல்கடந்து வந்து குடியேறிய சாக்சன் இனத்தவரோடு நடந்த சண்டைகளை 6ஆம் நூற்றாண்டில் எழுதிய கில்டாஸ் என்ற துறவி, பேடன் என்ற இடத்தில் நடந்த போரைச் சொல்கிறார். ஆர்தர் பெயரைச் சொல்லவில்லை. 9ஆம் நூற்றாண்டு லத்தீன் நூல் ஒன்றில் ஆர்தர் 12 போர்களோடு வருகிறான். அங்கே அவன் மன்னர்களோடு நின்று போரிட்ட படைத்தலைவன். பேடனில் ஒரே நாளில் 960 பேரைத் தனியாளாக வீழ்த்தினான் என்கிறது அந்த நூல். மிகை அப்போதே தொடங்கிவிட்டது.

மன்னன் ஆர்தருக்கு விரிவான வரலாறு எழுதியவர் மான்மத் ஜெஃப்ரி, 1136 வாக்கில். வட்ட மேசையை 1155இல் கொண்டுவந்தவர் வேஸ் என்ற கவிஞர். அரசியோடு லான்சலாட்டுக்கு இருந்த காதல் அதற்கும் பிறகு பிரெஞ்சில் கிரெத்தியேன் என்ற கவிஞர் எழுதியது. நீங்கள் அசல் என்று நினைப்பது தாமஸ் மாலரி ஆங்கிலத்தில் எழுதி, காக்ஸ்டன் என்ற அச்சகர் 1485இல் அச்சிட்ட வடிவமாகத்தான் இருக்கும். ஆர்தரின் காலத்துக்கும் அதற்கும் ஏறக்குறைய ஆயிரம் வருட இடைவெளி! லான்சலாட்டை விட்டவர் எதையும் சிதைக்கவில்லை.

வாளை எடுத்திருந்தால்தான் நான் வருந்தியிருப்பேன். மாலரியில் சாகக் கிடக்கும் ஆர்தர், வாளை நீரில் எறிந்துவிட்டு வரும்படி தன் வீரன் பெடிவியரை அனுப்புகிறான். பெடிவியருக்கு மனம் வரவில்லை. இரண்டு முறை ஒளித்துவைத்துவிட்டு வந்து பொய் சொல்கிறான். மூன்றாம் முறைதான் எறிகிறான். நீரிலிருந்து ஒரு கை எழுந்து அதைப் பிடிக்கிறது.

இது வெறும் கற்பனையா? 1942இல் வேல்ஸின் ஆங்கில்சி தீவில் விமானத்தளம் கட்டினார்கள். லின் கெரிக் பாக் என்ற சிறு ஏரியின் ஓரச் சதுப்பைத் தோண்டியபோது ஓர் இரும்புச் சங்கிலி வந்தது. அதை டிராக்டரில் கட்டிச் சேற்றில் புதைந்த லாரியை இழுத்தார்கள். சங்கிலி அறவில்லை. பிறகுதான் தெரிந்தது, அதன் வயது ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் என்று. கைதிகளைக் கழுத்தோடு பிணைக்கும் சங்கிலி அது. கூடவே வாள்கள், ஈட்டிகள், தேர்ப் பாகங்கள் என 150க்கும் மேற்பட்ட பொருட்கள். ரோமானியருக்கு முந்தைய காலத்திலிருந்தே அங்குள்ளவர்கள் அவற்றை நீருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார்கள். மாலரிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அந்த ஏரிக்கரைக் காட்சியில் அந்த மண்ணின் பழைய வழக்கம் தெரிகிறது.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில்: ‘உண்மையான ஆர்தர் இவன்தான்’ என்று அட்டையில் போட்டு விற்கும் நாவல்கள். 1184இல் தீயில் எரிந்த இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி மடத்தின் துறவிகள், ஏழே வருடத்தில் ஆர்தரின் கல்லறையைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். மடத்தைத் திரும்பக் கட்டப் பணம் தேவைப்பட்ட நேரம் அது. புனைவு எழுதுகிறவர் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

உங்கள் நாவலில் பெடிவியர் மூன்றாம் முறை கரைக்குப் போகும் பக்கங்களை மறுபடி வாசியுங்கள். அவன் கை தயங்குவதை ஆசிரியர் எழுதியிருக்கிறாரா என்று பார்த்து எழுதுங்கள்.