பெயரும் இலக்கமும் அடித்த ஜேர்சியில் இலக்கம் உரிகிறது. கடை மாற்றித் தருமா, வீட்டிலேயே ஒட்டலாமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: பெயரும் இலக்கமும் அடித்து ஓர் உதைபந்தாட்ட ஜேர்சி வாங்கியிருக்கிறார். இரண்டு தடவை துவைத்ததும் இலக்கம் ஓரத்தில் கிளம்பத் தொடங்கிவிட்டது. "பேர் அடித்த ஷேர்ட்டைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார் கடைக்காரர். அயன் பண்ணி ஒட்டிவிடலாமா, இல்லை கடையோடு மல்லுக்கட்டலாமா என்று கேட்கிறார்.

முதலில் அயன் பெட்டியைத் தூக்கி உள்ளே வையுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

நான் மஸ்கெலியா பக்கத்துத் தோட்டம் ஒன்றின் விளையாட்டுக் கழகத்தில் காசுக் கணக்குப் பார்ப்பவன். சென்ற வருடம் எங்கள் டீமுக்கு 16 ஜேர்சி அடித்தோம். அடர் சிவப்புத் துணி, வெள்ளை இலக்கம். ஒன்று 1,850 ரூபாய். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 என்று வந்ததை நினைத்துக்கொண்டால், ஒரு ஷேர்ட்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை நாள் கொழுந்து எடுக்க வேண்டும் என்பது புரியும். பத்தாம் திகதி சம்பளம் போட்டதும் லயம் லயமாக ஏறி இறங்கி ஆளுக்கு 300, 500 என்று சேர்த்த காசு அது. கடைவீதியில் ஒரு முதலாளி 10,000 தந்தார். அவருடைய கடைப் பெயரை நெஞ்சில் அடித்தோம்.

ஓடர் கொடுத்தது கொழும்பில் ஓர் அச்சுக் கடைக்கு, வட்ஸ்அப்பிலேயே. படம் அனுப்பினார்கள், சரி என்றோம், பாதிக் காசு போட்டோம், பார்சல் பஸ்ஸில் வந்தது. மிச்சக் காசையும் அன்றைக்கே போட்டுவிட்டேன். பார்சலைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு போட்டிருக்கலாம். பொடியன்கள் பார்சலைக் கிழித்து ஷேர்ட்டைப் போட்டு செல்பி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் யார் பார்ப்பது.

முதல் மேட்ச் நல்ல மழையில் நடந்தது. சேறு. திங்கட்கிழமை துவைத்தார்கள். எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் துணி காய்வது எப்படி என்று மலைநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொடியில் மூன்று நாள் கிடந்தாலும் ஈரம் போகாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். கடைசியில் அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் தொங்கவிடுவோம். புகை மணத்தோடு காய்ந்து வரும். வியாழக்கிழமை பார்த்தால் ஒன்பது ஷேர்ட்டில் இலக்கம் ஓரம் கிளம்பி நிற்கிறது. 8ஆம் இலக்கக்காரனின் முதுகில் பாதி எட்டுதான் இருந்தது, மூன்று மாதிரி.

அன்று இரவு நான் செய்ததுதான் நீங்கள் இப்போது செய்யப் பார்க்கும் வேலை. 4ஆம் இலக்க ஷேர்ட்டை மேசையில் விரித்து, அயன் பெட்டியைப் பருத்திச் சூட்டில் வைத்து, மேலே ஒரு துணிகூடப் போடாமல் அழுத்தினேன். ஐந்து எண்ணுவதற்குள் பெட்டி இழுபட்டது. தூக்கிப் பார்த்தால் இலக்கத்தின் ஓரம் சுருண்டு, பக்கத்துத் துணி பளபளவென்று கண்ணாடி மாதிரி இறுகிப் போயிருந்தது, அயன் பெட்டி மூக்கின் அச்சு அப்படியே. ஜேர்சித் துணி பொலியெஸ்டர். அது பிளாஸ்டிக்கின் உறவு. பருத்திக்கு வைக்கும் சூடு அதற்கு ஆகாது.

என் மனைவி கல்யாணத்துக்கு முன் கட்டுநாயக்கவில் ஆறு வருடம் கார்மென்டில் இருந்தவள், கடைசி இரண்டு வருடம் கியூசி, அதாவது தைத்து வந்ததில் குறை பார்க்கும் வேலை. அன்றைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் வந்து ஷேர்ட்டைப் பார்த்து, "ஏங்க, குறை அவங்க மேல இருந்துச்சு. இப்ப நம்ம மேல எழுதி வச்சிட்டீங்க" என்றாள். பிறகு மற்ற ஷேர்ட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் பார்த்த விதத்தை இங்கே சொல்கிறேன். உங்கள் ஷேர்ட்டையும் அப்படிப் பாருங்கள்.

இலக்கம் வெட்டிய படலமாக, பின்னால் பசையோடு, ஒரு ஸ்டிக்கர் கிளம்புவதுபோல் முழுசாகக் கிளம்பினால் அது அடித்தவன் குறை. சூடோ அழுத்தமோ நேரமோ போதவில்லை, அதனால் பசை நூலுக்குள் இறங்கவேயில்லை. கிளம்பிய இடத்துக்குக் கீழே துணி சுத்தமாக இருக்கும். இலக்கத்தில் மெல்லிய கோடு கோடாக வெடிப்பு விழுந்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் அது சூட்டில் உலர்த்தியதாலோ பழசானதாலோ வந்திருக்கலாம். அந்த இடத்தில் கடைக்காரர் உங்களைக் கைகாட்டுவார், பாதி நியாயமும் இருக்கும். மூன்றாவது, இலக்கம் நன்றாக ஒட்டியிருந்து தையல் பிரிவது. கக்கத்து ஓரத்தில் துணியின் விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும் ஓவர்லொக் நூல் ஒரு இடத்தில் தாவிப் போயிருக்கும். போட்டதும் டர்ரென்று பிரியும். அது ஊர் டெய்லரிடமே பத்து நிமிட வேலை. அதற்காகக் கடையோடு சண்டைக்குப் போவது பஸ் காசுக்குக் காணாது.

எங்களுடையது முதல் வகை. ஆனால் வட்ஸ்அப்பில் படம் அனுப்பியபோது கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, அடுப்புக்கு மேலயா காய வச்சீங்க?" என்பதுதான். மனுசன் மலைநாட்டுக்கு நிறைய ஜேர்சி அடித்தவர் போலிருக்கிறது. எனக்கு வாயடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அனுப்பிய வொய்ஸ் மெசேஜுக்கெல்லாம் நீல டிக் மட்டும்தான் விழுந்தது.

அப்போதுதான் மனைவி ஒன்று கேட்டாள்: "போடாத ஷேர்ட் ஏதாவது இருக்கா?" இருந்தது. மாற்று வீரர்களில் இரண்டு பேர் கிரவுண்டில் இறங்கவேயில்லை. 15உம் 16உம் பொலிதீன் பையோடு அப்படியே கிடந்தன. துவைக்கவில்லை, அடுப்பையும் காணவில்லை. 15ஐ எடுத்து ஐந்தின் மூலையை நகத்தால் மெல்லத் தட்டினாள். தபால் முத்திரை மாதிரி எழும்பியது. அதை போனில் வீடியோ எடுத்தோம், பையைப் பிரிப்பதிலிருந்து.

சனிக்கிழமை அதிகாலைப் பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை என்று வளைந்து வளைந்து இறங்கும் பாதை. மடியில் 16 ஷேர்ட். கடையில் போய்ச் சத்தம் போடவில்லை. போடலாம் என்றுதான் போனேன், ஆனால் உள்ளே இன்னும் இரண்டு பேர் ஓடர் கொடுக்க நின்றார்கள். அவர்கள் முன்னால் 15ஆம் இலக்க ஷேர்ட்டை மேசையில் விரித்து, "அண்ணே, இது போடாதது, நீங்களே பாருங்க" என்றேன், அவ்வளவுதான். அவர் ஐந்தின் மறு ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். அதுவும் எழும்பியது. உள்ளே மெஷினில் நின்ற தம்பியைக் கூப்பிட்டார்.

அந்தத் தம்பிதான் உண்மையைச் சொன்னான். இலக்கத்தின் மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும், அடித்த பிறகு அதை உரிக்க வேண்டும். சில தாளைச் சூட்டோடு உரிக்கலாம், சிலதை ஆறவிட்டுத்தான் உரிக்க வேண்டும். எங்களுக்குப் போட்டது ஆறவிட வேண்டிய வகை. ஓடர் குவிந்த நேரம், சூட்டோடு உரித்துத் தள்ளியிருக்கிறார்கள். பசை இறுகுவதற்கு முன்பே இலக்கமும் தாளோடு கொஞ்சம் எழும்பிவிடுகிறது. பார்வைக்குத் தெரியாது. இரண்டு தண்ணீர் கண்டதும் தெரியும்.

அங்கேயே உட்கார்ந்து 15 ஷேர்ட்டையும் திரும்ப அடித்து வாங்கினேன். பழைய இலக்கத்தை இழுத்து, பசையைத் துடைத்து, புதியதை வைத்து மெஷினை மூடினால் 150 பாகைச் சூட்டில் 15 செக்கன். பிறகு ஆறவிட்டு உரித்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்ததால் நன்றாகவே ஆறவிட்டார்கள். அயன் பெட்டியால் ஏன் இது முடியாது என்பதும் அங்கேதான் விளங்கியது. மெஷினின் தட்டு முழு இலக்கத்தையும் ஒரே சூட்டில், ஒரே பாரத்தில் அமத்துகிறது. நம் கை ஒரு மூலையை அமத்தும்போது மற்ற மூலை ஆறிவிடும்.

4ஆம் இலக்க ஷேர்ட்டைக் காட்டினேன். அவர் அயன் தடத்தை விரலால் தடவிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. பாதி விலைக்குப் புதிதாக ஒன்று தைத்து அனுப்புவதாகச் சொன்னார், சொன்னபடி அனுப்பினார். என் அவசரத்தின் விலை 925 ரூபாய்.

சரி, உங்கள் கடைக்காரர் சொல்லும் "பேர் அடித்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம்". நீங்கள் மனம் மாறி, "அந்த வீரர் கிளப் மாறிவிட்டார், இந்தப் பேர் வேண்டாம்" என்று கொண்டுபோனால் அவர் சொல்வது நியாயம். அந்த ஷேர்ட்டை வேறு யாருக்கும் விற்க முடியாது. ஆனால் குறையோடு கொடுத்த பொருளுக்கு அது பதிலாகாது. பேரையும் இலக்கத்தையும் அடித்துத் தருவதற்குத்தானே காசு வாங்கினார்? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் இலங்கையில் நடைமுறையில் உள்ளது. விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும், மாதிரி காட்டி விற்றால் மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அதனால்தான் வட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய படத்தையும், துணி இன்னது என்று சொன்ன மெசேஜையும் அழிக்காதீர்கள் என்கிறேன்.

பில் இருக்கிறதா பாருங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நாங்கள் பில் வாங்கவில்லை. வங்கியில் காசு போட்ட சீட்டுத்தான் இருந்தது. கடை ஒத்துவராவிட்டால் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், இந்தக் கணக்கைப் பலர் கோட்டை விடுகிறார்கள். விசாரிக்க 1977 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். ஆனால் முதல் நாளே இதைச் சொல்லி மிரட்ட வேண்டாம் என்பது என் கருத்து. திரும்ப அடித்துக் கொடுக்கக் கடைக்குப் பெரிய செலவில்லை, கொஞ்சம் இலக்கப் படலமும் மெஷினில் சில நிமிடமும்தான். அதைச் செய்யும் மனநிலையில் அவரை வைத்திருப்பது உங்களுக்கும் லாபம். நேரில் போங்கள், மற்ற வாடிக்கையாளர் இருக்கும் நேரமாகப் பார்த்து.

உங்களிடம் இருப்பது ஒரே ஷேர்ட், போடாத ஷேர்ட் என்ற சாட்சி இல்லை. அப்படியானால் கிளம்பிய ஓரத்தைப் பகல் வெளிச்சத்தில் கிட்டவைத்துப் படமெடுங்கள், கீழே துணி சுத்தமாக இருப்பது தெரிய வேண்டும். இன்னும் ஒட்டியிருக்கும் பகுதியைக் கிண்டாதீர்கள். அதைக் கடைக்காரர் தன் கையாலேயே தட்டிப் பார்க்கட்டும்.

கடை கையை விரித்துவிட்டால், அல்லது கடையே இப்போது இல்லையென்றால், திருத்தும் வழி உண்டு. டெய்லரிடம் கொடுத்து இலக்கத்தின் ஓரத்தைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் தையல் போடச் சொல்லுங்கள். நேர்த்தையல் வேண்டாம், துணி இழுபடும்போது நூல் அறும். ஊசி முனை உருண்டையாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் சொல்லுங்கள். கூர் ஊசி பின்னல் துணியின் நூலை அறுத்து, ஓட்டை ஓட்டையாக ஓடவிடும். தேயிலைச் செடியில் சிக்கி நூல் வெளியே இழுபட்டிருந்தால் (பந்து தேடிப் போகிற எங்கள் ஆட்களுக்கு இது வாரம் ஒன்று) வெட்டாதீர்கள், உள்பக்கமிருந்து ஊசியால் இழுத்துவிட்டால் போதும்.

துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில். அடுப்புக் கம்பி வேண்டாம். நாங்கள் இப்போது வாசலில் தாவாரத்துக்குக் கீழே கயிறு கட்டியிருக்கிறோம், நாலு நாள் ஆனாலும் ஆகட்டும் என்று.

இன்னும் ஒன்று. திரும்ப அடித்த இலக்கங்கள் இன்றுவரை உரியவில்லை, ஆனால் நாலைந்து மாதத்தில் வெள்ளை மங்கி ரோஸ் நிறமாகிவிட்டது. சிவப்புப் பொலியெஸ்டரின் சாயம் சூட்டில் கிளம்பி மெல்ல இலக்கத்துக்குள் ஏறுமாம். அதைத் தடுக்கும் படலம் வேறாக இருக்கிறது, விலை கூட. அப்போது மூன்று மாதமும் தாண்டியிருந்தது, எனக்கும் இன்னொரு தடவை கித்துல்கலை வளைவெல்லாம் சுற்ற மனமில்லை. அடுத்த ஓடர் சாயமே துணிக்குள் இறங்கும் சப்ளிமேசன் வகையில், உரிந்து வர மேலே இலக்கம் என்று ஒன்றுமே ஒட்டியிருக்காது. அதுவரைக்கும் பக்கத்து டிவிசன்காரன்கள் எங்களை "ரோசாப்பூ டீம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.