பதில்: பாடத்தில் நல்ல மதிப்பெண், தொழில் தொடங்கத்தான் தயக்கம்

தொழில்முனைவுப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியும் வடிவமைப்புத் தொழிலைத் தொடங்கத் துணிவு வரவில்லை, வீட்டிலும் "முதலில் வேலைக்குப் போ" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991இல் எழுதியபடி, ஒரு செயலில் இறங்கும் எண்ணத்தை மூன்று விஷயங்கள் உருவாக்குகின்றன: அதன்மேல் நமக்குள்ள மதிப்பு, நெருங்கியவர்களின் எதிர்பார்ப்பு, நம்மால் முடியும் என்ற நம்பிக்கை. உங்களுக்கு ஆசை இருக்கிறது. நம்பிக்கைதான் ஆட்டம் காண்கிறது. மதிப்பெண்ணால் மட்டும் அது வந்துவிடாது. சொந்தமாகச் செய்து ஜெயித்த அனுபவம்தான் அதற்கு வலுவான ஊற்று என்றார் இன்னொரு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. நம்மைப் போன்ற ஒருவர் சாதிப்பதைப் பார்ப்பதும் உதவும். வகுப்பில் பேச வரும் தொழிலதிபர்கள் எல்லாரும் ஆண்களாகவே இருந்தால் மாணவிகளுக்கு அது எப்படிக் கிடைக்கும்?

அதனால் படிக்கும்போதே, காசு வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு வேலை முடித்துக் கொடுங்கள். இலவசமாக வேண்டாம், விலை சொல்லிப் பழகுவதுதான் இதில் கடினமான பாடம். தொழில் நடத்தும் சீனியர் அக்கா யாராவது இருந்தால் விலை எப்படி வைக்கிறார் என்று கேளுங்கள். அப்புறம், வீட்டில் வாதாட வேண்டாம். எவ்வளவு பணம், எத்தனை மாதம் வரை இழக்கத் தயார் என்பதை எழுதிக் காட்டுங்கள்.