டாமியாவிடமிருந்து இன்னொரு பெரிய விமானம் வருமா?
மாடல் கட்டுவோர் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜப்பான் மாடல் கம்பெனி டாமியாவின் 1/32 அளவு (நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு) விமான கிட்களில் ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், கோர்ஸேர், மொஸ்கிட்டோ நான்கையும் கட்டி முடித்துவிட்டேன். 2015-ல் மொஸ்கிட்டோ வந்ததோடு அந்த வரிசையே நின்றுபோன மாதிரி இருக்கிறது. மே மாதம் ஜப்பானின் ஷிசுவோகா மாடல் கண்காட்சிப் படங்கள் வரும்போதெல்லாம் ஆசையாகப் பார்த்து ஏமாறுகிறேன். இனியும் எதிர்பார்க்கலாமா ஐயா? – வாசகர், திருச்சி

பதில்: உங்கள் ஏக்கம் எனக்கும் இருக்கிறது. 2009-ல் வந்த ஸ்பிட்ஃபயர் 9-ஐக் கட்டியபோது எஞ்சின் மூடியில் அந்தக் குட்டிக் காந்தங்களை ஒட்டி, மூடி தானாகப் போய் 'டக்'கென்று உட்கார்ந்ததும், வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அம்பத்தூரில் ஒரு டூல் ரூமில் 31 வருடம் பிளாஸ்டிக் மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, வெட்டியவன் நான். அந்த மூடியின் விளிம்பைச் செதுக்கிய கைகளை நினைத்தால் இன்றைக்கும் கும்பிடத் தோன்றுகிறது.

ஏன் தாமதம் என்பதற்கு டூல் ரூம் கணக்கையே சொல்கிறேன். சின்ன அளவான 1/48-லிருந்து 1/32-க்குப் போனால் நீளம் ஒன்றரை மடங்குதான். ஆனால் பரப்பு இரண்டேகால் மடங்கு. உருகிய பிளாஸ்டிக் உள்ளே பாயும்போது மோல்டு பிளந்துவிடாமல் மெஷின் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாலிஸ்டைரீனுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃப்ரேமில் (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) பாகங்கள் 400 சதுர சென்டிமீட்டர் அடைத்தால் 120 டன் மெஷின் போதும். அதே பாகங்களை 1/32-ல் ஊற்ற 270 டன் மெஷின் வேண்டும். எஃகுக் கட்டியும் பெரிசு, வெட்டும் நேரமும் அதிகம்.

அதோடு முடியவில்லை. பழைய கிட்களில் தகட்டு இணைப்புக் கோடுகள் மேடாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்கு எஃகில் ஒரு கீறல் போட்டால் போதும். இன்று எல்லோரும் கேட்கிற பள்ளக் கோட்டுக்கு, எஃகில் அந்தக் கோடு மட்டும் மேடாக நிற்க, சுற்றியுள்ள அத்தனையையும் குடைந்தெடுக்க வேண்டும். அதனால்தான் செம்பு எலக்ட்ரோடு செய்து, மின்பொறியால் எஃகை அரிக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷினில் வைக்கிறோம். 1/48-ல் கண்ணுக்குத் தப்பும் ஒரு சிறு பிசகு 1/32-ல் தப்பாது. பெரிய கிட் வாங்குகிறவர் ரிவெட்டை எண்ணிப் பார்க்கிறவர்.

மொஸ்கிட்டோவுக்குப் பிறகு 1/32-ல் கோர்ஸேரின் இன்னொரு வகை வந்தது. டாமியாவின் புத்தம் புது உழைப்போ 1/48 பக்கம் போனது: 2016-ல் எஃப்-14, 2018-ல் மெஸ்ஸர்ஷ்மிட் 109ஜி, 2019-ல் பி-38, 2021-ல் ஃபேண்டம் எஃப்-4பி. எல்லாமே அருமையான கிட்கள்தான், குறை சொல்ல மனம் வரவில்லை.

அதனால் நான் புது விமானத்துக்காகக் காத்திருப்பதைவிட, ஏற்கெனவே வெட்டிய எஃகில் கொஞ்சம் கூட்டிச் செய்யக்கூடிய ஒன்றையே ஆசைப்படுகிறேன்: 1/32 மொஸ்கிட்டோ என்.எஃப். 2, அதாவது இரவுச் சண்டை விமானம். இப்போதுள்ள பெட்டி எஃப்.பி. 6, அதாவது குண்டும் வீசும் சண்டை விமானம். இரண்டுக்கும் அடிப்படை உடல் ஒன்றே. மூக்கில் அம்பு மாதிரி நிற்கும் ரேடார் ஆன்டெனா, சிறகில் சின்ன ஆன்டெனாக்கள், உள்ளே ரேடார் பெட்டி, இன்னும் சில மாற்றங்கள். புது ஃப்ரேம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 1/48-ல் ஒரே பெட்டியில் இந்த இரண்டு வகையையும் கட்டும்படி டாமியாவே கொடுத்திருக்கிறது. பெரிய அளவில் மட்டும் ஏன் இல்லை என்று அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் தோன்றும்.

என்.எஃப். 2-ஐக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. சென்னை மாகாணத்தில் திரட்டிய போர் நிதியின் நினைவாக, பிரிட்டிஷ் விமானப்படையில் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்கள் (விமானப் பிரிவுகள்) 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டன. அதில் 264, டிஃபயன்ட் விமானங்களை விட்டுவிட்டு 1942-ல் மொஸ்கிட்டோ என்.எஃப். 2-க்கு மாறியது. உடலில் அந்த ஸ்குவாட்ரனின் அடையாளமான 'பி.எஸ்' எழுத்துகளோடு அந்த விமானம், 52 சென்டிமீட்டர் சிறகு விரித்து என் மேசையில் நிற்க வேண்டும். உடல் முழுக்க மரம் என்பதால் மொஸ்கிட்டோவில் ரிவெட் வரிசை கிடையாது. வழவழப்பான பரப்பில் பெயின்டை ஒரே சீராக அடிப்பதுதான் வேலை, அதுவே எனக்குப் பிடித்த வேலை.

டாமியாவுக்கு மரியாதையாக ஒரு கடிதம் போடுங்கள். எந்த வகை, எந்த ஸ்குவாட்ரன், எத்தனை பெட்டி வாங்குவீர்கள் என்று திட்டவட்டமாக எழுதுங்கள். நான் எழுதியிருக்கிறேன். மூன்று பெட்டி கேட்டிருக்கிறேன்.

கேள்வி: ஒரு கம்பெனி பெரிய கிட்டை அறிவித்துவிட்டு மூடிவிட்டால் அந்தக் கிட் அவ்வளவுதானா? – வாசகி, கோவை

பதில்: இல்லையம்மா. நியூசிலாந்தில் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் தொடங்கிய விங்நட் விங்ஸ், முதல் உலகப்போர் விமானங்களை 1/32-ல் வெளியிட்டு வந்தது. பின்னர் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தையும் அறிவித்தது. 2020-ல் கம்பெனி மூடப்பட்டது. அன்று இரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஆனால் வெட்டிய மோல்டுக்கு எண்ணெய் தடவி வைத்தால் அது யார் மெஷினில் ஏற்றினாலும் வேலை செய்யும். லங்காஸ்டர் சீனாவின் பார்டர் மாடல் வழியாகவும், முதல் உலகப்போர் விமானமான ஃபோக்கர் டி.ஆர். 1 மெங் என்ற கம்பெனி வழியாகவும் வந்து சேர்ந்தன. அறிவித்த கிட் வராமல் போனால், மோல்டு வெட்டியாயிற்றா, வெறும் கம்ப்யூட்டர் படம்தானா என்று பாருங்கள். சோதனை ஓட்டத்தில் வந்த பிளாஸ்டிக் ஃப்ரேமின் படம் வெளியாகியிருந்தால் நான் நம்பிக்கையை விட மாட்டேன்.

வாங்குமுன் இடத்தையும் அளந்துவிடுங்கள். 1/32 லங்காஸ்டரின் சிறகு 97 சென்டிமீட்டர். மூன்றடி அகல பீரோவுக்குள் நேராக நுழையாது.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். முதல் கிட்டே 1/32-ல் வாங்கலாமா? – மாணவர், நாகர்கோவில்

பதில்: வாங்கலாம் தம்பி, ஆனால் டாமியா வேண்டாம். ரெவெல் கம்பெனி 2014-ல் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர் 2 உனக்குப் போதும். பாகங்கள் குறைவு, விலையும் குறைவு, கட்டி முடித்தால் 35 சென்டிமீட்டர் சிறகு. உங்கள் ஊரில் மழை அதிகம். ஈரக்காற்று வீசுகிற நாளில் லாக்கர் பெயின்ட் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், அன்றைக்கு ஒட்டுகிற வேலையை மட்டும் பார். முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.