கூண்டுக்குள் பாஸ்பரஸ்: மூலக்கூறுக் கூண்டுகள் பற்றிய கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவி: வெள்ளை பாஸ்பரஸ் காற்று பட்டாலே தீப்பிடிக்கும் என்று படித்தோம். உள்ளே வெற்றிடம் உள்ள கூண்டு மூலக்கூறுக்குள் வைத்தால் பிடிக்காதாமே! ஆக்சிஜன் உள்ளே நுழைய முடியாததாலா?

இல்லை. ஆக்சிஜன் சின்ன மூலக்கூறு, அது நுழைவதில் சிக்கல் இல்லை. 2009-ல் கேம்பிரிட்ஜில் ஜொனதன் நிட்ச்கேயின் குழு வெளியிட்ட சோதனை இது. கூண்டு ஒரு நான்முகி. அதன் நான்கு மூலைகளிலும் இரும்பு அயனிகள், ஆறு விளிம்புகளிலும் கரிம மூலக்கூறுகள். நான்கு அணுக்கள் கொண்ட பாஸ்பரஸ் மூலக்கூறு உள்ளே கச்சிதமாக உட்கார்ந்துவிடும். பாஸ்பரஸுடன் ஆக்சிஜன் சேரும்போது உருவாகும் இடைநிலைப் பொருள் பருமன் கூடியது, அதற்குக் கூண்டில் இடமில்லை. அதனால் வினை நடக்கவே வழியில்லை. சுவர் தடுப்பதில்லை, இடநெருக்கடிதான் தடுக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

அவரே: சரி, வெளியே எடுப்பது எப்படி?

பென்சீன் சேர்த்தால் போதும். அது கூண்டுக்குள் புகுந்து பாஸ்பரஸை வெளியேற்றிவிடும். இன்னொரு வழி, கூண்டையே பிரிப்பது. இதே கூண்டைக் கட்டி வைத்திருப்பவை இமின் பிணைப்புகள், அதாவது கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புகள். அமிலம் சேர்த்தால் அவை உடையும், உள்ளே இருப்பது வெளியே வரும். அப்புறம் காரம் சேர்த்தால் கூண்டு மறுபடி தானாகவே கூடிக்கொள்ளும். அடைப்பதைவிட, நாம் சொல்லும் நேரத்தில் விடுவிக்க வைப்பதுதான் கடினம் என்பேன்.

ஆய்வு மாணவர்: எதையும் சேர்க்காமல், ஒளியால் மட்டும் முடியுமா?

முடியும். 2013-ல் குய்டோ கிளெவர் குழு, பல்லேடியம் உலோக அயனிகள் கொண்ட ஒரு கூண்டில், அவற்றை இணைக்கும் கைகளாக, ஒளி பட்டால் வடிவம் மாறும் கரிம மூலக்கூறுகளை வைத்தது. புற ஊதா ஒளியில் கைகள் விறைத்து, உள்ளே இருப்பதன் மீதான பிடி தளரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பழைய பிடி திரும்பிவிடும்.

வேதியியல் ஆசிரியர்: கூண்டு பெரிதாக இருந்தால் எதையும் அடைக்கலாம்தானே?

அப்படி இல்லை. கரைசலில், உள்ளிடத்தில் ஏறக்குறைய 55 விழுக்காட்டை நிரப்பும் மூலக்கூறுதான் நன்றாகத் தங்கும். ஜூலியஸ் ரெபெக்கும் மெக்கோஸியும் 1998-ல் கண்டது இது. மிகச் சிறியது நழுவிப்போகும், பெரியது நெருக்கத்தில் தங்காது.

செவிலியர்: மருத்துவமனையில் இதற்குப் பயன் உண்டா?

நீங்களே பார்த்திருக்கலாம். அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ரோகுரோனியத்தின் விளைவை நீக்க, சுகமாடெக்ஸ் ஊசி போடுவார்கள். அது எட்டு சர்க்கரை அலகுகள் சேர்ந்த வளையம், மூடிய கூண்டு அல்ல. ரோகுரோனியத்தைக் கவ்விக்கொண்டு சிறுநீரகம் வழியாக வெளியேறும். இங்கே விடுவிக்கவே கூடாது, அந்த இறுக்கமான பிடிதான் மருந்து.