முதல் முறையாக எலக்ட்ரிக் கித்தார் செய்யப் போகிறேன். ரப்பர் மரம் தாங்குமா? எங்கே தொடங்குவது?

தாராளமாகத் தாங்கும். என் முதல் கித்தாரின் உடல் ரப்பர் மரம்தான். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், பால் வெட்டி எங்களை வளர்த்தார்கள். வேறு மரம் தேட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மறுநடவுக்காகச் சாய்த்த மரத்தை அப்படியே எடுத்து அறுத்துவிடாதீர்கள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். பச்சையாக விட்டால் சில நாளிலேயே நீலப் பூஞ்சை பிடிக்கும், வண்டும் துளைக்கும். போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்திய பலகைதான் வேண்டும். தளவாடம் செய்பவர்களிடம் அது கிடைக்கும். எங்கள் ஊர் தவுக்கே (முதலாளி) மிச்சத் துண்டுகள் இரண்டைக் கொடுத்தார். ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, 45 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்தேன்.

கழுத்தைக் கடையில் வாங்கிவிடுங்கள். ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே வரும் உலோகக் கம்பி) பதிப்பது தனி வித்தை, அதை இரண்டாவது கித்தாருக்கு வைத்துக்கொள்ளலாம். வடிவத்துக்கு, 1950-இல் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்து, பிறகு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றதைப் பாருங்கள். தட்டைப் பலகை, நான்கு திருகாணியில் நிற்கும் கழுத்து. புதிதாகச் செய்பவருக்கு அதைவிட எளிது இல்லை.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நான் தவறியது இங்கேதான். கழுத்தைப் பொருத்துவதற்கு முன்பே, உடலில் போட்ட நடுக்கோட்டை நம்பி, உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குத் துளை போட்டுவிட்டேன். பிறகு பார்த்தால் கழுத்து ஒரு இழை சாய்ந்திருந்தது. மெல்லிய தந்தி ஃப்ரெட்டின் ஓரத்தில் நழுவி விழுந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. கெட்டி மரக் குச்சியைப் பசையோடு அடித்துத் துளைகளை அடைத்து, மறுபடி போட்டேன்.

சரியான முறை இது. முதலில் கழுத்தைத் திருகிவிடுங்கள். டெலிகாஸ்டர் அளவுக் கழுத்தில், நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் துண்டு) 12-ஆவது ஃப்ரெட்டின் நடு வரை அளந்தால் 324 மில்லிமீட்டர் வரவேண்டும். அதன் இரு மடங்கு, 648, பிரிட்ஜ் சேடில் (தந்தி உட்காரும் சிறு துண்டு) நிற்கும் இடம். அது மெல்லிய தந்திக்கான கணக்கு. தடித்த தந்திக்குச் சேடில் இன்னும் சற்றுப் பின்னால் போகும், அதனால் பின்பக்கம் நகர இடம் விட்டு பிரிட்ஜை வையுங்கள். அப்புறம் இரண்டு ஓரத் தந்திகளின் இடத்தில் நூலைக் கட்டி இழுத்து, கழுத்தின் இரு விளிம்பிலும் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் துளை.

மின்கம்பி வேலை பயப்படும் அளவுக்கு இல்லை. பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) ஒற்றைச் சுருள் என்றால் 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருகிக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு), இரட்டைச் சுருள் ஹம்பக்கர் என்றால் 500. பிரிட்ஜின் அடியிலிருந்து ஒரு கம்பி எடுத்து வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் பற்றவைக்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஆம்ப்பில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் அடங்காது. வேலை முடிந்ததும் தந்தியில் கை வைத்துப் பாருங்கள். இரைச்சல் குறைந்தால் அந்த இணைப்பு சரி.